“போலீஸ் ஆகப் போறியாம்மா?”

குற்றவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இது. இல்லை என்றேன். “அப்ப வக்கீலா?” அதுவும் இல்லை. “ரத்தக்கறை, கைரேகை எல்லாம் எடுப்பாங்களே, அதுவா?” அது தடயவியல், வேறு துறை, வேதியியலும் உயிரியலும் படித்தவர்கள் ஆய்வகத்தில் செய்யும் வேலை. “சரி, அப்ப நீ என்னதான் படிக்கப் போற?” அன்றைக்கு அவருக்குச் சொல்ல என்னிடம் தெளிவான பதில் இல்லை. பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு இப்போது இருக்கிறது. நான் நன்னடத்தை அலுவலராக வேலை பார்க்கிறேன்; குற்றம் செய்தவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் வெளியே விடும்போது அவர்களைக் கண்காணித்துத் துணை நிற்கும் வேலை. இந்தப் படிப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பெரியப்பாக்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

குற்றம் ஏன் நடக்கிறது, எங்கே நடக்கிறது, யாரைப் பாதிக்கிறது, அதற்குச் சமூகம் என்ன செய்கிறது, செய்ததால் ஏதாவது பலன் உண்டா? இவைதான் குற்றவியலின் கேள்விகள். இவற்றுக்கு விடை தேடச் சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளியியல் என எல்லா வீட்டிலும் கடன் வாங்கும் துறை இது. இதில் கடைசிக் கேள்விதான் எனக்கு உயிர். ‘பலன் உண்டா’ என்று கேட்காமல் தண்டனையைப் பற்றியும் திருத்தத்தைப் பற்றியும் பேசுவது எவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு உணர்த்தியது இந்தப் படிப்பு.

முதல் பருவத்தில் இரண்டு இத்தாலியர்கள் அறிமுகமானார்கள். ஒருவர் செசரே பெக்கரியா. 1764இல், 26 வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். சித்திரவதை கூடாது, மரண தண்டனை கூடாது, தண்டனை எவ்வளவு கொடூரமானது என்பதைவிட அது கட்டாயம் வரும் என்ற நிச்சயம்தான் மனிதனைத் தடுக்கும் என்றார். இந்தக் கடைசி வாதத்தின் பக்கம்தான் இன்றைய ஆய்வுகளும் பெரும்பாலும் நிற்கின்றன. மாட்டிக்கொள்வோம் என்று நினைப்பவன் தயங்குகிறான்; சிறைவாசம் ஐந்து வருடமா பத்து வருடமா என்று கணக்குப் போட்டுப் பார்த்துத் திருடப் போகிறவர்கள் குறைவு.

இன்னொருவர் செசரே லொம்ப்ரோசோ, மருத்துவர். ஒரு திருடரின் மண்டையோட்டைப் பரிசோதித்தபோது அதன் பின்பகுதியில் ஒரு குழிவைக் கண்டார். குற்றவாளி பிறவியிலேயே அப்படித்தான், பரிணாமத்தில் பின்தங்கிய மனிதன் அவன் என்ற முடிவுக்கு வந்தார். 1876இல் நூலாகவும் வெளியிட்டார். தாடை, காது, நெற்றி என்று அளந்துகொண்டே போனார். 1913இல் இங்கிலாந்தில் சார்லஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து பார்த்துவிட்டு, குற்றவாளிக்கென்று தனி உடல் அமைப்பு எதுவும் இல்லை என்று எழுதினார். கோட்பாடு செத்தது. ஆனால் ‘ஆளைப் பார்த்தாலே தெரியுது’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் அது எழுந்து உட்கார்ந்துவிடுகிறது. குற்றவியல் மாணவருக்கு முதலில் கழன்று விழ வேண்டியது அந்த வாக்கியம்தான். எனக்கு அது வகுப்பறையில் விழவில்லை. ஒரு சந்தில் விழுந்தது.

மூன்றாம் பருவத்தில் ஒரு களப்பணி. ஒரு குடியிருப்புப் பகுதியில் இரண்டு ஆண்டுகளில் வந்த வீட்டுத் திருட்டுப் புகார்களை, பெயர்களை மறைத்து, எங்களிடம் கொடுத்தார்கள். பெரிய வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி, புகாருக்கு ஒரு சிவப்புப் பொட்டு என்று ஒட்டிக்கொண்டே வந்தோம். தொடங்கும்போதே எங்களுக்குள் ஒரு முடிவு இருந்தது: பக்கத்திலிருக்கும் ஏழைக் குடியிருப்பை ஒட்டித்தான் பொட்டுகள் மொய்க்கும். ஒட்டி முடித்தபோது அங்கே இரண்டு மூன்றுதான் இருந்தன. மற்றவை பெரும்பாலும் வசதியான வீடுகளின் பின்புறமாக ஓடும் ஒரே ஒரு சந்தை ஒட்டி வரிசை கட்டி நின்றன.

ஒரு மதிய வேளையில் ஆசிரியையோடு அந்தச் சந்துக்குப் போனோம். வீடுகளுக்கு முன்பக்கம் உயரமான மதில், கேட், விளக்கு எல்லாம் இருந்தன. பின்பக்கம் இடுப்பளவுச் சுவர். மரக்கிளைகள் தழைந்து வந்து தெருவிலிருந்து பார்ப்பவரின் கண்ணை மறைத்தன. சுவரைத் தாண்டினால் குளியலறை ஜன்னல். அதில் கம்பி கிடையாது, வெறும் கண்ணாடிப் பட்டைகள். ஆசிரியை ஒரு வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு ஒரு பட்டையை விரலால் மேலே தூக்கினார். சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடுத்த வீட்டு ஜன்னலில் அழுக்கேறிய பழைய பட்டைகளுக்கு நடுவே நான்கு மட்டும் பளிச்சென்று புதிதாக இருந்தன. திருட்டுக்குப் பிறகு மாற்றியிருக்கிறார்கள், அதே மாதிரிப் பட்டைகளாகவே. எங்கள் வரைபடத்தில் அந்த வீட்டின் மேல் இரண்டு பொட்டுகள் இருந்தன.

அந்த நான்கு கண்ணாடிகளை என்னால் மறக்க முடியவில்லை. லாரன்ஸ் கோஹன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979இல் எழுதியதை நாங்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தோம்: செய்யத் துணிந்த ஒருவர், தோதான ஓர் இலக்கு, காவலுக்கு யாரும் இல்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால் குற்றம் நடக்கும். சந்தில் நின்றபோதுதான் அது புரிந்தது. ‘யார் அந்தக் கெட்டவன்’ என்ற கேள்வியோடு மட்டும் வந்திருந்தால் அந்த ஜன்னலை நாங்கள் பார்த்திருக்கவே மாட்டோம்.

வட இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரின் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980களில் இதையே பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ஒருமுறை திருடு போன வீட்டில் மறுபடி திருடு போகும் வாய்ப்பு மிக அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். பல வீடுகளில் காசு போட்டு மின்சாரமும் எரிவாயுவும் பெறும் மீட்டர்கள் இருந்தன. பல திருட்டுகளில் திருடர்கள் குறிவைத்தது அந்தச் சில்லறையைத்தான். மீட்டர்களை மாற்றினார்கள், திருடு போன வீட்டுக்கு உடனே நல்ல பூட்டும் தாழ்ப்பாளும் போட்டார்கள், அக்கம்பக்கத்தாரை அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே திருட்டு பாதிக்கும் கீழே போனது. அமெரிக்காவின் மினியாபோலிஸ் நகரில் காவல்துறைக்கு வந்த அழைப்புகளை லாரன்ஸ் ஷெர்மனும் சகாக்களும் 1980களின் பிற்பகுதியில் எண்ணிப் பார்த்தபோது, அவற்றில் பாதி அழைப்புகள் நகரின் சுமார் 3 சதவீத முகவரிகளிலிருந்தே வந்திருந்தன.

இப்படிப் படித்தவர்களுக்கு என்று ஒரு வேலை இருக்கிறது: குற்றத் தரவுப் பகுப்பாய்வாளர். என் வகுப்புத் தோழி ஒருத்தி அதைத்தான் செய்கிறாள். சீருடை இல்லை, துப்பாக்கி இல்லை. புகார்கள், நேரம், இடம், வரைபடம். ‘எந்தத் தெருவில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு’ என்று அவள் சொல்வதை வைத்துத்தான் ரோந்து வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முடிவாகிறது. ஒன்றில் மட்டும் அவள் பிடிவாதமாக இருப்பாள். புகார் வராத குற்றம் அவள் வரைபடத்தில் வராது. வீட்டுக்குள் நடக்கும் அடி, குழந்தைகள் மீதான வன்முறை, காவல் நிலையப் படியேற பயப்படுபவர்கள், இதெல்லாம் இருளில் கிடக்கும். அதற்காகத்தான் பல நாடுகளில் மக்களிடமே நேரில் போய் ‘உங்களுக்கு என்ன நடந்தது’ என்று கேட்கும் கணக்கெடுப்புகளை 1970களிலிருந்து நடத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் விடை ஒன்றுதான்: புகாரில் இருப்பது ஒரு பகுதி மட்டுமே. ஓரிடத்தில் பொட்டுகள் கூடினால் குற்றம் கூடியதாகவும் இருக்கலாம், போலீஸ் கூடியதாகவும் இருக்கலாம், மக்களுக்குப் புகார் கொடுக்கும் தைரியம் கூடியதாகவும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் தலைப்புச் செய்தி எழுதக் கூடாது என்பாள்.

அப்புறம், என்னை உலுக்கிய பாடம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில் 506 சிறுவர்களை வைத்து 1939இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒரே மாதிரிப் பின்னணி உள்ள சிறுவர்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒரு பாதிப் பேருக்கு மட்டும் உதவினார்கள். ஆலோசகர் வீட்டுக்கு வருவார், படிப்புக்கு உதவுவார், மருத்துவம் பார்க்க ஏற்பாடு செய்வார், கோடை முகாமுக்கு அனுப்புவார். சராசரியாக ஐந்து ஆண்டுகள் இது நடந்தது. அன்பும் அக்கறையும் உள்ளவர்கள் நடத்திய திட்டம். சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களை, நடுவயது ஆண்களாகிவிட்டவர்களை, ஒவ்வொருவராகத் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ‘அது எனக்கு நல்லது செய்தது’ என்று நன்றியோடு சொன்னார்கள். ஆனால் ஆவணங்கள் வேறு கதை சொல்லின. உதவி பெறாத ஜோடிகளைவிட அவர்களில்தான் மீண்டும் குற்றம் செய்தவர்களும், குடிநோயாளிகளும், இளம் வயதில் இறந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். 1978இல் மெக்கார்ட் இதை வெளியிட்டபோது பலருக்குக் கோபம் வந்தது.

எனக்கும் வந்தது. இரவு விடுதியறையில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நல்ல மனசோடு செய்தால் நல்லது நடக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அது உத்தரவாதம் இல்லையென்றால் நான் எதற்கு இந்த வேலைக்குப் போக வேண்டும்? அந்தக் கேள்வியை ஆசிரியையிடம் கொண்டுபோனேன். “போ. ஆனா போய்ட்டு வந்து சரிபார். அவங்க சரிபார்த்ததாலதானே நமக்கே தெரியுது?” என்றார். இன்றும் ஒரு திட்டம் என் மேசைக்கு வந்தால், இது வேலை செய்ததா, எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். என் சக ஊழியர்களுக்குச் சில நேரம் இது எரிச்சலாகக்கூட இருக்கும். கேட்காமல் இருக்க எனக்கு மனம் வராது.

நான் செய்யும் வேலையின் தொடக்கமே ஒரு செருப்புத் தொழிலாளியிடம் இருக்கிறது. பாஸ்டனில் காலணி தைத்துக்கொண்டிருந்த ஜான் அகஸ்டஸ், 1841இல் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரரைப் பார்த்தார். சிறைக்குப் போகவிருந்த அவருக்குத் தானே பிணை நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு நீதிமன்றத்துக்கு வந்தார். நீதிபதி அபராதமாக ஒரு சென்ட் மட்டும் விதித்தார். 1859இல் இறப்பதற்குள் அகஸ்டஸ் ஏறத்தாழ 2,000 பேருக்கு இப்படித் துணை நின்றிருந்தார். நன்னடத்தைக் கண்காணிப்பு என்று இன்று உலகமெங்கும் நடப்பதற்கு வேர் அதுதான்.

நீதிமன்றம் தண்டனை முடிவு செய்யும் முன், குற்றம் செய்தவரின் சூழ்நிலையைப் பற்றி ஓர் அறிக்கை கேட்கும். அதை எழுதுவது எங்கள் வேலையில் ஒரு பெரும் பகுதி. சில ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓர் அறிக்கையைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயதுப் பையன், நண்பர்களோடு சேர்ந்து வண்டி திருடியவன். வீட்டுக்குப் போனேன். படிவத்தில் கட்டங்கள் இருக்கும்: படிப்பு, வேலை, வருமானம், குடும்பம், முந்தைய வழக்கு. அவனுடைய அம்மா எல்லாவற்றுக்கும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். நான் எழுந்து கிளம்பும் நேரத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். உள்ளே மூன்று சான்றிதழ்கள். 400 மீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை முதலிடம், ஒரு முறை இரண்டாமிடம். மடிப்பு விழாமல் இருக்க நடுவில் ஒரு அட்டை வைத்திருந்தார். “இதை எழுத உங்க தாள்ல இடம் இருக்கா மேடம்?” என்று கேட்டார்.

இடம் இல்லை. அதற்கான கட்டமே கிடையாது. அறிக்கையின் கடைசியில் ‘பிற விவரங்கள்’ என்று இரண்டு வரி இடம் இருக்கும், பெரும்பாலும் காலியாக விடுவோம். அடுத்த நாள் அவனுக்கு ஓட்டம் பழக்கிய பழைய பயிற்சியாளரைத் தேடிப் போனேன். “காலையில அஞ்சரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லுங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றார். அதைத்தான் எழுதினேன்: தினமும் இந்த நேரத்தில் இந்த இடத்தில் இவனை எதிர்பார்த்து ஒரு மனிதர் நிற்கிறார். நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட்டது. முதல் மாதம் எட்டு நாள் வரவில்லை. இரண்டாம் மாதம் இரண்டு நாள்.

அந்த இரண்டு வரியை நான் எழுதியது இரக்கத்தால் மட்டும் அல்ல. ஹார்வர்டு சட்டக் கல்லூரி நூலகத்தின் நிலவறையில் தூசி படிந்து கிடந்த அட்டைப்பெட்டிகளை ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற குற்றவியலாளர்கள் 1980களில் எடுத்துப் பிரித்தார்கள். முந்தைய தலைமுறை ஆய்வாளர்களான குளூக் தம்பதியர் சேகரித்து வைத்திருந்த, சீர்திருத்தப் பள்ளிகளிலிருந்த 500 பாஸ்டன் சிறுவர்களின் கதை அதில் இருந்தது. அந்தச் சிறுவர்களை எழுபது வயது வரை பின்தொடர்ந்து பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாருமே ஒரு கட்டத்தில் குற்றத்தை விட்டிருந்தார்கள். சிலர் சீக்கிரம், சிலர் தாமதமாக. சீக்கிரம் விட்டவர்களின் வாழ்க்கையில் நிலையான வேலை, நல்ல மணவாழ்க்கை, ராணுவச் சேவை என்று அவர்களைக் கட்டிவைக்கும் ஏதோ ஒன்று வந்திருந்தது. ஐந்தரை மணி மைதானம் அப்படியொரு கட்டாக இருக்கலாம் என்று நினைத்தேன். படிக்காமல் போயிருந்தால் அந்தச் சான்றிதழ்களைப் பார்த்து மனம் இளகியிருப்பேன், ஆனால் பயிற்சியாளரைத் தேடிப் போயிருக்க மாட்டேன்.

பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்வது இன்னொரு பாதை. நெடுங்காலம் குற்றவியலே அவர்களைச் சாட்சியாக மட்டும்தான் பார்த்தது. வழக்கு அரசுக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே நடக்கும். அடிபட்டவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். 1974இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் எல்மைரா என்ற ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினார்கள். ஒரு நன்னடத்தை அலுவலர் சொன்ன யோசனையை ஏற்ற நீதிபதி, அவர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்கு நேரில் அனுப்பினார். கதவைத் தட்டி, செய்தது நாங்கள்தான் என்று சொல்லி, இழப்பைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள், பிறகு ஈடுகட்டினார்கள். பாதிக்கப்பட்டவரும் செய்தவரும் நேருக்கு நேர் பேசும் சமரச முறைகளுக்கு இது ஒரு முக்கியத் தொடக்கம். அந்த இருவரில் ஒருவர் பிற்காலத்தில் அதே சமரசப் பணியில் தன்னார்வலராகச் சேர்ந்தார். எல்லாக் குற்றத்துக்கும் இது பொருந்தாது. வீட்டு வன்முறையில் இதைக் கண்மூடித்தனமாகச் செய்தால் பாதிக்கப்பட்டவருக்கே ஆபத்து.

வங்கிகளிலும் இந்தப் படிப்புக்கு நிறைய வேலை உண்டு என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கிறது. 1939இல் எட்வின் சதர்லாண்ட் அமெரிக்கச் சமூகவியலாளர்கள் கூட்டத்தில், கோட் போட்ட கனவான்கள் தங்கள் தொழிலில் செய்யும் குற்றத்தைப் பற்றிப் பேசினார். பிறகு 70 பெரிய நிறுவனங்களின் சட்டமீறல்களைத் தொகுத்து 1949இல் நூலாக்கினார். வழக்குக்குப் பயந்து பதிப்பாளர் நிறுவனங்களின் பெயர்களை நீக்கச் செய்தார். பெயர்களோடு முழுப் பதிப்பு வர 1983 ஆயிற்று. இன்று கருப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் பிரிவுகளிலும், காப்பீட்டு மோசடி விசாரணையிலும், இணைய மோசடித் தடுப்பிலும் உட்கார்ந்திருக்கும் குற்றவியல் பட்டதாரிகள் செய்வது சதர்லாண்டின் வேலையின் தொடர்ச்சிதான். சம்பளமும் என் பக்கத்தைவிட அங்கே நன்றாக இருக்கும். இதைத் தவிர சிறை நிர்வாகம், சிறார் இல்லங்கள், ஆராய்ச்சி, ஆசிரியப் பணி, தொண்டு நிறுவனங்கள், வியன்னாவில் இருக்கும் ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் போன்ற சர்வதேச அமைப்புகள் எல்லாம் உண்டு. பெரியப்பா கேட்ட போலீஸும் உண்டுதான்.

ஆனால் பட்டம் மட்டும் எந்தக் கதவையும் திறக்காது. உளவியலாளராக வேண்டுமென்றால் உளவியலில் பயிற்சியும் உரிமமும் வேண்டும். வழக்காட வேண்டுமென்றால் சட்டம் படிக்க வேண்டும். ஆகவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடத்திட்டத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: புள்ளியியல் இருக்கிறதா, களப்பணி எத்தனை வாரம், ஆய்வு முறைகளை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவை இல்லாத இடத்தில் கோட்பாடுகளின் பெயர்களை மட்டும் தெரிந்துகொண்டு வெளியே வருவீர்கள். கணக்கு வராது என்பதற்காக இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இரண்டாம் ஆண்டில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று, மனசு கனக்கும். வழக்குக் கோப்புகளைப் படித்துவிட்டுத் தூங்க முடியாத இரவுகள் வரும். பேச ஒரு ஆளை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகள் இந்த ஆண்டு பள்ளி முடிக்கிறாள். குற்றவியல் எடுக்கலாமா என்று கேட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. பொதுமக்கள் பார்க்கலாம் என்றிருக்கும் நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்கப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு வா என்றேன். சாயங்காலம் வந்தாள். வாதங்களைப் பற்றியோ நீதிபதியைப் பற்றியோ ஒன்றும் பேசவில்லை.

“சித்தி, கத்தியால குத்தின பையனோட அம்மாவும், குத்து வாங்கின பையனோட அம்மாவும் வெளிய ஒரே பெஞ்சுலதான் உட்கார்ந்திருந்தாங்க. மூணு மணி நேரம். ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவே இல்ல. அவங்ககிட்ட வந்து பேசறதுக்குன்னு யாராவது இருக்காங்களா?”

இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு என்றேன்.